கண்ணருகே ஒரு சிறு கண்ணாடி



கம்போங் ராஜாவில் பனிமூட்டம் விலகிய இரவுகள் சில நமக்கு வாய்க்கும். அப்போது புளூ வேலித் தேயிலை மலைக்கு மேலே வானம் கழுவித் துடைத்தாற்போல் இருக்கும். அதைக் கண்டு ஆசைப்படும் பிள்ளைக்காக, சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியில் ஒரு தொலைநோக்கி வாங்கி வருகிறோம். பெட்டியின்மேல் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. இரவில் வைத்துப் பார்த்தால் நிலவு கலங்கிய புகையாகத் தெரிகிறது. பிள்ளையின் முகம் வாடிப்போகிறது. குறை பெரும்பாலும் நாம் கண் வைக்கும் இடத்திலுள்ள சிறு கண்ணாடியில்தான் இருக்கிறது. அதற்குக் கண்ணருகு வில்லை என்று பெயர். அதன் வரலாற்றை அறிந்தால் பணமும் வீணாகாது. பிள்ளையின் கண்ணுக்கும் கேடு வராது.

1609ஆம் ஆண்டில் கலிலியோ தாமே தொலைநோக்கி செய்து வானத்தை நோக்கினார். அவர் கண்ணருகே வைத்தது குழிந்த வில்லை. அதில் நிலவை முழுதாகப் பார்க்க இயலாது. ஒரு பகுதியே தெரியும். 1611இல் கெப்ளர், குவிந்த வில்லையை வைக்கலாம் என்று எழுதினார். காட்சி தலைகீழானாலும் பரப்பு விரிந்தது. 1660களில் ஹைகன்ஸ் இரண்டு வில்லைகளைச் சேர்த்து அமைத்தார். பிறகு ராம்ஸ்டன், 1849இல் கெல்னர், 1860இல் புளோசில் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து, விளிம்பில் தெரியும் வண்ணக் கறையையும் மங்கலையும் குறைத்தார்கள்.

இந்தப் பெயர்கள் இன்றும் கடையில் நம்முன் நிற்கின்றன. வில்லையின்மேல் ‘எச்’ என்றிருந்தால் ஹைகன்ஸ் வகை, ‘எஸ்.ஆர்.’ என்றால் ராம்ஸ்டன் வழி வந்தது. ‘கே’ என்றால் கெல்னர். மலிவுப் பெட்டிகளில் வருபவை பெரும்பாலும் முதல் இரண்டும்தான். கூடுதலாகச் சில வெள்ளி செலவிட முடிந்தால் கெல்னரோ புளோசிலோ வாங்குவதே நலம்.

எழுத்துக்கு அருகிலுள்ள எண் குவியத் தூரம். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். 700 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் 25 மில்லிமீட்டர் வில்லை 28 மடங்கு காட்டும். 10 மில்லிமீட்டர் வில்லை 70 மடங்கு காட்டும். முன்கண்ணாடியின் அகலத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கே எல்லை. ஆகவே 60 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவிக்கு 120 மடங்குக்கு மேல் பயனில்லை. 4 மில்லிமீட்டர் வில்லை தரும் 175 மடங்கை, இன்னொரு வில்லையால் மூன்றால் பெருக்கித்தான் பெட்டியில் 525 என்று போடுகிறார்கள். 28 மடங்கிலேயே வியாழனின் நான்கு பெரிய நிலவுகளைக் காணலாம். 70 மடங்கில் சனியின் வளையம் தெரியும். வாங்குமுன் வில்லை நுழையும் துளையை அளந்துகொள்ளுங்கள். பழைய சிறு கருவிகளில் அது 24.5 மில்லிமீட்டர், இப்போது மிகுதியாக வருவது 31.7 மில்லிமீட்டர்.

இனி வடிகட்டிகள். நிலவின் கூச்சத்தைக் குறைக்க ஒன்று இருந்தால் போதும். சிறு கருவியில் வண்ண வடிகட்டிகள் உள்ள ஒளியையும் குறைத்துவிடும். ஆனால், கண்ணருகு வில்லையில் திருகும் ‘சூரிய வடிகட்டி’ பெட்டியில் இருந்தால் உடனே உடைத்து எறிந்துவிடுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடிக்கும். வெடித்த கணமே பார்வை போகும். சூரிய வடிகட்டி தொலைநோக்கியின் முகப்பை முழுதும் மூட வேண்டும். இன்னொரு வழி, கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி காட்டியது: சூரிய உருவத்தை வெள்ளைத் தாளில் விழச்செய்து பார்ப்பது. வில்லைகளை ஒட்டும் பசை இல்லாததால், நாம் மட்டமென்று ஒதுக்கிய ஹைகன்ஸ் கண்ணாடி வில்லையே இதற்கு ஏற்றது. அப்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்; குழாய்க்குள் எவரும் கண் வைக்கக் கூடாது.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1867இல், ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். அதற்கு உதவியது பெரிய எண்ணன்று. இரவுதோறும் நோக்கிய பொறுமை. 1868 ஆகஸ்டு 18இல் முழுச் சூரிய கிரகணத்தைக் காண வனபர்த்திக்குச் சென்றார். அதே நிழல் கடல் கடந்து சயாம் நாட்டிலும் விழுந்தது. மன்னர் மோங்குட் அங்கே அதைக் கண்டார். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, ரகுநாதாச்சாரி மக்களுக்கு விளங்கும்படி சிறுநூல் எழுதி, நம் நாட்டு மொழிகளிலும் வரச் செய்தார். கற்றதைப் பிறர்க்குச் சொல்வதும் வானியலாரின் கடமை என்று கருதியவர் அவர்.

2031 மே 21ஆம் நாள் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தொட்டு மலேசியாவுக்கும் ஒரு வளையக் கிரகணம் வருகிறது. முன்னோர் புறப்பட்டு வந்த மண்ணும் நாம் வாழும் மண்ணும் ஒரே நிழலின் வழியில் இருக்கும். அன்று நம் தோட்டத்துப் பிள்ளைகள் வெள்ளைத் தாளைச் சுற்றி நின்று, கண்ணுக்குத் தீங்கின்றி அதைக் காண வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இன்றே இரண்டு நல்ல வில்லைகளும் விவரம் அறிந்த ஒரு பெரியவரும் இருந்தால் போதும்.