எஸ்டேட்டு பிறந்த கதை

"எந்த எஸ்டேட்டு?" மலாக்காவில் புதிதாகச் சந்திக்கும் இரண்டு தமிழ்ப் பெரியவர்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஊர், உறவு, பழைய சிநேகம் எல்லாம் அந்த ஒரு பதிலில் பிடிபட்டுவிடும்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் லத்தீன். 'ஸ்டாரே' என்றால் நிற்பது. அதில் பிறந்தது 'ஸ்டாட்டுஸ்', அதாவது நிலை. தொடக்கத்து 'ஸ்' நாவில் வழுக்கியதால், பழைய பிரெஞ்சில் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து 'எஸ்டாட்' என்றார்கள். ஸ்கூலை 'இஸ்கூலு' ஆக்கிய என் பாட்டி செய்ததும் அதே வேலைதான். ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது ஒருவருடைய நிலைமையை, சமூகத்தில் அவருக்குள்ள இடத்தைக் குறித்தது. நிலபுலன் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது. ஆளின் நிலையைச் சொத்தைக் கொண்டு அளந்த காலம் அது. 'ஸ்டேட்' இதன் உடன்பிறப்பு. தமிழிலும் 'நில்' என்ற வேரில்தான் நிலை பிறந்தது. நிலத்தையும் அதே குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு.

இனி மலாக்காவுக்கு வருவோம். 1896இல், தாவரவியலாளர் ரிட்லி கொடுத்த ஊக்கத்தில், வணிகர் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். அடுத்தது புக்கிட் அசகான், சுமார் 3,000 ஏக்கர். தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள்கட்டி வந்தார்கள். துரைமாரின் 'எஸ்டேட்' லயத்துத் தொழிலாளர் வாயில் எஸ்டேட்டு ஆனது.

பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய், தன் நிரையில் இறங்குவாள். முந்தைய முறை வெட்டிய கோட்டில் காய்ந்திருக்கும் பாலை நகத்தால் நெம்பி, நீள நாடாவாக உரித்து, உருண்டையாகச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டுதான் உளியை வைப்பாள். "நம்ம எஸ்டேட்டு" என்பாள். அங்கே ஒரு மரமும் அவளுடையதில்லை. வேலை போனால் வீடும் போய்விடும். சொத்து என்ற பொருளைத் துரை வைத்துக்கொண்டார். பாட்டிக்குக் கிடைத்தது அந்தப் பழைய லத்தீன் பொருள்: நின்ற இடம்.

அந்த இடமும் ஆடத் தொடங்கியது. தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது, 1960இல் அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்கியது. 1967இல் புக்கிட் அசகான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள்.

பாட்டியின் எஸ்டேட்டில் இப்போது தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகள். கடைசி வரை ஊர் கேட்டவர்களிடம் அவள் தாமான் பெயரைச் சொன்னதில்லை. எஸ்டேட்டுப் பேரைச் சொல்லி, "ரெண்டாவது டிவிசன்" என்றும் சேர்த்துக்கொள்வாள்.