உடம்பு நனையாத டார்பிடோ

ஷ்க்வால் என்ற பெயரை நான் முதலில் படித்தது 2000 ஆகஸ்டில். ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் 118 பேரோடு மூழ்கியது. வெடித்தது இந்த ரகசிய டார்பிடோதான் என்று பத்திரிகைகளில் வதந்தி. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓடும் வேறொரு டார்பிடோதான் காரணம் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது.

ஷ்க்வாலின் கதை ஒரு தொல்லையில் தொடங்குகிறது. 1890களில் இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ், டர்பைனில் ஓடும் 'டர்பைனியா' கப்பலைக் கட்டினார். என்ஜினில் வலு இருந்தும் கப்பல் எதிர்பார்த்த வேகம் போகவில்லை. ப்ரொப்பெல்லர் மிக வேகமாகச் சுற்றும்போது அதன் இலைகளை ஒட்டி நீரின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் அடுப்பில்லாமலே தண்ணீர் ஆவியாகிக் குமிழியாகும். குமிழி உந்துவிசையைத் தின்னும், உடையும்போது உலோகத்தையும் அரிக்கும். இதுதான் கேவிடேஷன். பார்சன்ஸ் ப்ரொப்பெல்லர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளித்தார். 1897ல் கப்பல் 34 நாட் வேகத்தைத் தொட்டது.

எல்லோரும் ஒழிக்கப் பார்த்த இதே குமிழியை 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் வேண்டுமென்றே பெரிதாக்கினார்கள். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. டார்பிடோவின் உடம்பு தண்ணீரைத் தொடாமலே போனால்? கீவ் நகரில் அதற்கு வழி கண்டார்கள். மூக்கில் ஒரு தட்டை வட்டு, அது மட்டும் நீரைக் கிழிக்கும். மூக்கருகே வாயுவைச் செலுத்தி, எட்டு மீட்டர் உடம்பையும் ஒரே குமிழிக்குள் அடைத்தார்கள். பின்னால் ப்ரொப்பெல்லருக்குப் பதில் ராக்கெட். வேகம் சுமார் 200 நாட், அதாவது மணிக்கு 370 கிலோமீட்டர்! 1977ல் கடற்படையில் சேர்ந்தது.

ஆனால் குமிழிக்குள் இருப்பதற்குக் காது கேட்காது. ராக்கெட் இரைச்சலில் சோனார் எடுபடாது. நேராக ஓடும், அதுவும் பத்து கிலோமீட்டர் அளவுக்குத்தான். குறி தவறினாலும் அழிக்கட்டும் என்று முதலில் அணுகுண்டையே வைக்கத் திட்டமிட்டார்கள்.

இந்த ரகசியத்துக்காக ஒருவர் சிறைக்கும் போனார். அமெரிக்கக் கடற்படையில் உளவு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் போப் 2000 ஏப்ரலில் மாஸ்கோவில் கைதானார். ஏற்கெனவே வெளியான தகவலைத்தான் கேட்டேன் என்பது அவர் வாதம். டிசம்பரில் 20 வருடத் தண்டனை, சில நாட்களிலேயே புடின் மன்னிப்பு.

வங்கிக்காரன் கண்ணுக்கு இது வரவு செலவாகத்தான் தெரிகிறது. வேகம் வரவு, காது செலவு. நம் விசாகப்பட்டினத்தில் உருவான வருணாஸ்திரா சுமார் 40 நாட்தான் போகும். ஆனால் இலக்கின் சத்தத்தைக் கேட்டுத் திரும்பும். பெரும்பாலான கடற்படைகள் இன்றும் நம்புவது இப்படிக் காது கேட்கும் டார்பிடோக்களைத்தான்.