பஞ்சமும் பரிதிப் புள்ளியும்

இராமநாதபுரத்துச் சீமை, வானம் பார்த்த பூமி. கண்மாய் வறண்டால் கஞ்சிக்கும் வழியில்லை. மழை பொய்த்தபோதெல்லாம், தெய்வக் குற்றம் என்றனர் சிலர்; தலைவிதி என்றனர் வேறு சிலர். பழியை மேலே அனுப்பிவிட்டால், கீழே உள்ளவனைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா!

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்திலும் அதுதான் நடந்தது. மக்கள் மாண்டனர், இலட்சம் இலட்சமாக. 1877 சனவரி முதல் நாள் தில்லியிலே தர்பார்; விக்டோரியா, இந்தியாவின் பேரரசி என அறிவிப்பு; விருந்து, விழா! தானியமோ கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதே 1877-இல் வானியல் அறிஞர் நார்மன் லாக்கியரும், அதிகாரி வில்லியம் ஹண்டரும் ஒரு கருத்தை வெளியிட்டனர். சூரியனிலே கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவை குறையும் காலத்தில் மழை குறைகிறது. பஞ்சம் வருகிறது என்றனர். ஆள்வோருக்கு எவ்வளவு வசதி! குற்றவாளி கோட்டையில் இல்லை, ஆகாயத்தில் இருக்கிறான்!

ஆனால் தோழர்களே, தலைவிதிக்கும் இந்தக் கருத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தலைவிதியைச் சோதிக்க முடியாது; இதைச் சோதிக்கலாம். சோதிக்கத்தான் கொடைக்கானல் மலையில் 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் எழுந்தது. மழைக் கணக்கையும் புள்ளிக் கணக்கையும் ஒப்பிட்ட கில்பர்ட் வாக்கர், தொடர்பு மிக மெலிந்தது என்று கண்டார். பஞ்சத்துக்குப் பரிதிமீது போட்ட வழக்கு நிற்கவில்லை.

கருத்து வீழ்ந்தது, ஆய்வு வீழவில்லை. கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் அங்கேதான் கண்டறிந்தார். நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்கள் இன்று உலக ஆய்வாளர்க்குக் கருவூலம்.

அந்தப் புள்ளிகளைச் சூழ்ந்தே சூரியப் புயல்கள் பெரும்பாலும் வெடிக்கின்றன. அவை பூமியின் காந்தப் புலத்தைக் குலுக்கும். கம்பியில்லாச் செய்தியையும், செயற்கைக்கோள் காட்டும் திசையையும் தடுமாறச் செய்யும். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே, திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இம்மாற்றங்களை அளக்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனை நோக்குகிறது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் யார்? செங்கோட்டையில் பிறந்த தமிழ்ப் பெண், நிகர் ஷாஜி!

இராமேசுவரத்து மீனவன் இன்று செயற்கைக்கோள் காட்டும் திசையை நம்பித்தான் நள்ளிரவில் கடலேறுகிறான். எல்லைக்கோடு அருகே, வழி தவறினால் சிறை. அவனுக்குச் சூரியனின் சீற்றம் புராணமல்ல, பிழைப்பு.

சூரியன் செய்வதைச் சூரியனிடம் கேட்போம், கருவி கொண்டு. மனிதன் செய்ததை மனிதனிடம் கேட்போம், துணிவு கொண்டு. இரண்டையும் குழப்புகிறவனிடம் மட்டும் எச்சரிக்கையாக இருப்போம்!