அமெரிக்க உள்நாட்டுப் போரும் அடிமைமுறையும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861–1865) வேர் அடிமைமுறையே. மாநில உரிமை, வரி என்று பின்னாளில் அடுக்கப்பட்ட காரணங்கள் இரண்டாம்பட்சம். மிசிசிப்பி மாநிலம் தன் பிரிவினை அறிக்கையிலேயே அடிமைமுறையைத்தான் முன்வைத்தது.

தெற்கின் செல்வம் பருத்தி. அதை விளைவித்தவர்கள் அடிமைகள். 1860இல் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். மேற்கே புதிதாகச் சேர்ந்த நிலப்பகுதிகளிலும் இம்முறை பரவலாமா என்பதுதான் தீராத வழக்கு. 1820ஆம் ஆண்டின் மிசௌரி உடன்பாடு ஓர் எல்லைக்கோடு வகுத்து அதை ஒத்திப்போட்டது. 1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் அக்கோட்டை அழித்து, முடிவைக் குடியேறிகளின் வாக்குக்கு விட்டது. மிசௌரியிலிருந்து ஆயுதங்களோடு வந்த அடிமைமுறை ஆதரவாளர்கள் கான்சஸில் கள்ள வாக்குப் போட்டார்கள். 1856இல் அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது. சில நாட்களிலேயே அடிமைமுறை எதிர்ப்பாளரான ஜான் பிரவுனின் குழு எதிர்த்தரப்பினர் ஐவரை வெட்டிக் கொன்றது. உண்மையில் போர் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்தது. வடக்கு கொதித்தது.

ஏற்கெனவே அடிமைமுறை இருந்த மாநிலங்களில் அதை ஒழிப்பதாக அதிபர் வேட்பாளர் ஆபிரகாம் லிங்கன் சொல்லவில்லை. பரவுவதை மட்டுமே எதிர்த்தார். தெற்குக்கு அதுவே போதுமானதாயிற்று. 1860 நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் அவர் வென்றார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது, மேலும் ஆறு மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1861 ஏப்ரல் 12 அன்று தென்னவர் பீரங்கிகள் மத்திய அரசின் சம்டர் கோட்டையைத் தாக்கின; போர் மூண்டது.