நிலக்கீழ் அறையின் சீலிங்: அரை அங்குலப் பலகையின் வரலாறு

சீலிங் என்றால் நமக்கு அலங்காரம். ஓட்டையும் மரத்தையும் மறைக்க வேண்டும், தூசு விழக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் அமெரிக்க வீடுகளின் நிலக்கீழ் அறைக்கு எந்தப் பலகையை சீலிங்காக அடிப்பது என்ற சின்னக் கேள்விக்குள் உயிர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

அங்கே வீடுகள் அதிகமும் மரச்சட்டத்தில் எழுபவை. குளிர் கூடிய மாநிலங்களில் அத்திபாரத்தை ஆழமாகத் தோண்டுவார்கள். அந்தக் குழியே ஒரு அறையாகிவிடும். சூடாக்கும் இயந்திரம், வயர்கள், பழைய சாமான்கள் எல்லாம் அங்கேதான். அந்த அறையின் சீலிங்குக்கு மேலே இருப்பது கூரை அல்ல, வீட்டார் நடமாடும் தரை.

இனி பலகைக்கு வருவோம். அதன் உள்ளே இருப்பது ஜிப்சம். இரசாயனப் பாடத்தில் நாம் படித்த நீரேறிய கல்சியம் சல்பேற்றுதான். அதன் நிறையில் ஏறத்தாழ 21 சதவீதம் நீர். நெருப்புப் பட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். அது தீரும்வரை வெப்பம் மறுபக்கம் போகத் தடுமாறும். இந்தப் பயனை மனிதர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். 1666இல் லண்டன் எரிந்தது. மறுவருடமே பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னர், பரிஸின் மரவீடுகளுக்கு ஜிப்சம் சாந்து பூசவேண்டும் என்று கட்டளையிட்டார். அல்ஹம்ப்ராவின் சுவர்களில் நாம் வியந்து பார்க்கும் வேலைப்பாடுகளிலும் இதே ஜிப்சம்தான்.

சாந்து பூசுவது மெதுவான வேலை. மரப்பட்டிகளை அடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, காயும்வரை காத்திருக்க வேண்டும். 1894இல் அகஸ்டின் சாக்கெட் என்பவர் தாள்களுக்கிடையே ஜிப்சத்தை வைத்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். 1917இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் கொம்பனி 'ஷீட்ரொக்' என்ற பெயரில் பலகையை விற்கத் தொடங்கியது. சனங்கள் அதை மலிவுச் சாமானாகவே பார்த்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆட்கள் போதாமல் போனதும், யுத்தம் முடிந்து இலட்சக்கணக்கில் வீடுகள் அவசரமாகத் தேவைப்பட்டதும்தான் அந்த எண்ணத்தை மாற்றின.

ஆனாலும் நிலக்கீழ் அறையின் சீலிங்கைப் பலர் வெறுமையாகவே விட்டார்கள். 'விருந்தாளி வராத இடத்துக்கு எதற்குச் செலவு?' என்ற கணக்கு. தரையைத் தாங்கியது தடித்த மர உத்தரம் என்பதால் அது கொஞ்சநேரம் தாக்குப்பிடித்தது. 1960களின் இறுதியில் மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த இலேசான உத்தரங்கள் சந்தைக்கு வந்தன. நேரானவை, நீளமானவை, பாரம் தாங்குபவை. ஆனால் நெருப்புக்குத் தாங்காதவை. கீழே தீ எரிய, மேலே நின்ற தீயணைப்பு வீரர்கள் தரையோடு விழுந்து இறந்த சம்பவங்கள் நடந்தன.

அண்டர்ரைட்டர்ஸ் லபோரட்டரீஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட சோதனை முடிவுகளைப் பாருங்கள். மறைப்பில்லாத பழைய மர உத்தரத் தளம் சுமார் 18 நிமிடங்கள் நின்றது. மறைப்பில்லாத புதிய உத்தரத் தளம் சுமார் 6 நிமிடங்களில் இடிந்தது. அதே புதிய உத்தரத்தின் கீழ் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்தபோது 26 நிமிடங்கள் கிடைத்தன. இந்த 20 நிமிட வித்தியாசத்தில் ஒரு குடும்பமே வெளியே வந்துவிடலாம்.

அங்குள்ள மாதிரிக் குடியிருப்பு விதிக்கோவை, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் இத்தகைய தளங்களின் அடிப்பக்கத்துக்கு அரை அங்குல ஜிப்சம் பலகையோ அதற்கு ஈடான மறைப்போ வேண்டும் என்றது. தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் உள்ள வீடுகளுக்கும் தடித்த மர உத்தரம் போட்டவற்றுக்கும் விலக்கு உண்டு.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? உத்தரங்களுக்கிடையே தூரம் 24 அங்குலமானால் சாதாரண அரை அங்குலப் பலகை காலப்போக்கில் தொய்யும். தொய்யாத வகை அரை அங்குலப் பலகை தனியாக உண்டு. கண்ணாடி நார் கலந்த 5/8 அங்குல 'டைப் எக்ஸ்' தொய்வது குறைவு, நெருப்பைக் கூடுதல் நேரம் மறிக்கும், ஆனால் பாரம். ஈரம் தாங்கும் என்று பச்சைத்தாள் பலகையை வாங்குவோர் உண்டு. சீலிங்கில் அதுவும் தொய்யக்கூடியது. ஈரம் இருந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும்.

நமது வீடுகளிலும் கடைகளிலும் ஜிப்சம் சீலிங் இப்போது சாதாரணம். டிசைனைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம். அதற்கு மேலே எந்த வயர் ஓடுகிறது, யார் தூங்குகிறார்கள் என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.