டிடபிள்யூ 12: அந்தப் பேரு யாரோடது?

இண்டிகாருக்குச் சக்கர மறைப்பு கிடையாது. ஓவல் தடத்துல, 350 கிலோமீட்டர் வேகத்துல, முன்னாடி போற காரோட பின்சக்கரத்துல இன்னொண்ணோட முன்சக்கரம் ஏறினா போதும், கார் பறக்கும். 2011 அக்டோபர் 16, லாஸ் வேகாஸ். 11ஆவது சுற்றுல 15 கார்கள் மோதின. டான் வெல்டனோட கார் பறந்துபோய் வேலியில அடிச்சது. வேலிக் கம்பத்துல தலை மோதி இறந்துட்டார். அஞ்சு மாசம் முன்னாடிதான் இண்டியானாபோலிஸ் 500 ஜெயிச்சவர்.

கொடுமை என்னன்னா, அந்த வருஷம் புது டல்லாரா காரை ஓட்டிச் சோதிச்சதே அவர்தான். சக்கரம் ஏறாம இருக்கவே பின்சக்கரத்துக்குப் பின்னாடி தடுப்பு வெச்ச கார். அதுக்கு அவரோட முதலெழுத்துகளையே வெச்சாங்க. தடுப்பை 2018ல கழட்டிட்டாங்க, அது வேற கதை.

ஆனா தலை மட்டும் திறந்தே இருந்துச்சு. 2015ல போகோனோவில், மோதின ஒரு காரோட மூக்குத் துண்டு தெறிச்சு ஜஸ்டின் வில்சன் ஹெல்மெட்ல பட்டது. மறுநாள் இறந்தார். ஏரோஸ்கிரீன் வந்தது 2020லதான். பார்க்க அசிங்கமா இருக்குன்னு சிலர் சொல்றாங்க. நான் அந்தக் கட்சி இல்ல.