வாளியில் கரைத்த யுரேனியம்

எங்கட வீடுகளில புதுச் சாமான் ஒண்டு வந்தால் முதலில தொலையிறது அதோட வாற புத்தகம்தான். றைஸ் குக்கர் பெட்டியைப் பிரிச்ச கையோட அது பழைய பேப்பருக்குள்ள போயிடும். "இதுக்கெல்லாம் ஆர் புத்தகம் பாக்கிறது?" எண்டு நாங்களும் கேட்டிருக்கிறம். பெரும்பாலும் ஒண்டும் நடக்கிறதில்லை, சோறு கொஞ்சம் குழையும். ஒண்டும் நடக்காமல் போற அந்த நாட்கள்தான் எங்களுக்குத் துணிவைத் தருகின்றன.

யப்பானின் தொக்கைமுராவிலும் அப்படித்தான் நடந்தது.

அங்கே ஜே.சி.ஓ. என்ற நிறுவனம் அணு உலைகளுக்கான எரிபொருளைப் பதப்படுத்தி வந்தது. யுரேனியத் தூளை நைத்திரிக் அமிலத்தில் கரைப்பது அந்த வேலையின் ஒரு பகுதி. அரசு அனுமதித்த முறைப்படி, அதற்கென்றே செய்த கலனில்தான் கரைக்க வேண்டும். பிறகு அது உயரமான, ஒடுங்கிய கலன் ஒன்றுக்குப் போக வேண்டும். அந்த ஒடுக்கம்தான் பாதுகாப்பு. ஒடுங்கிய கலனில் இருந்து நியூத்திரன்கள் வெளியே தப்பிவிடும். சங்கிலித் தாக்கம் தொடங்காது.

இந்த முறையில் வேலை மெதுவாகத்தான் நகரும். எனவே நிறுவனம் அரசிடம் கேளாமலே தனக்கென்று வேறொரு கையேட்டை எழுதிக்கொண்டது. அதன்படி உருக்கு வாளியிலேயே கரைக்கலாம்.

1999 செப்ரெம்பரில் மூன்று தொழிலாளர்கள் அந்தக் கையேட்டிலும் ஒரு படியைத் தாண்டினார்கள். ஒடுங்கிய கலனை விட்டுவிட்டு, கரைசலை நேரே அகன்ற தாங்கி ஒன்றுக்குள் ஊற்றினார்கள். ஒரு தடவைக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 2.4 கிலோ யுரேனியம். 30ஆம் திகதி காலை ஏழாவது வாளியை ஊற்றும்போது தாங்கியில் சேர்ந்திருந்தது ஏறத்தாழ 16 கிலோ. நீல ஒளி ஒன்று மின்னியது.

சங்கிலித் தாக்கத்தை நிறுத்த ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுத்தது. 10 கிலோமீற்றர் சுற்றளவில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். தொழிலாளர்களில் ஒருவர் 83 நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். மற்றவர் 2000 ஏப்ரலில் இறந்தார்.

2003இல் நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. உயிர் தப்பிய மூன்றாவது தொழிலாளியும் அவர்களில் ஒருவர். நிறுவனத்துக்கு விதித்த தண்டம் 10 லட்சம் யென்.

"கையேட்டைப் பாராத மூண்டு பேர்" எண்டு இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்லலாம். ஆனால் அந்த மூவருக்கும் இந்த ஆபத்தைப் பற்றிப் போதிய பயிற்சி கொடுபடவில்லை. ஒடுங்கிய கலன் ஏன் ஒடுங்கியிருக்கு எண்டு விளங்காதவனுக்கு அது வேலையை மினக்கெடுத்துற ஒரு சாமான், அவ்வளவுதான். முதல் கையேட்டைத் தூக்கி வைத்தவர்கள் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள். வாளியைத் தூக்கியவர்கள்தான் செத்தார்கள்.

எங்களில கனபேர் இப்பதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறம். "புத்தகத்தை விடு தம்பி, இஞ்ச நாங்கள் இப்பிடித்தான் செய்யிறனாங்கள்" எண்டு ஆராவது சொன்னால், அந்தப் படி ஏன் அங்க இருந்தது எண்டு ஒருக்கா நிண்டு கேப்பம்.